கொரோனா காலத்தில் ஓட்டல் வேலையை விட்டுவிடலாமா என்று எல்லோருக்கும் ஏன் தோன்றியது?

ரிசப்ஷன்காரன்:
ஓட்டலில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். கொரோனா வந்ததிலிருந்து டீ இடைவேளையில் ஒரே பேச்சுதான்: அடுத்து வேலையை விடப்போவது யார்? வெளியாட்களிடம் சொன்னால், "நோய்க்குப் பயந்துட்டியா?" என்கிறார்கள். பயம் இருக்கிறதுதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. நேற்று ஒருவர் மாஸ்க் இல்லாமல் வந்து நின்றார். போடச் சொன்னேன். "காசு கொடுத்துத் தங்க வந்திருக்கேன்" என்று மேசையைத் தட்டினார். மேனேஜர் ஓடி வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பெரிய அறையாகவும் மாற்றிக் கொடுத்தார். "மாஸ்க் கட்டாயம்" என்று சுவரில் ஒட்டியதும் அதே மேனேஜர்தான்! ராஜினாமா எழுதலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. உங்களுக்கு எப்படி?

நாலாவது மாடி:
தம்பி, உனக்காவது நடுவில் ஒரு மேசை இருந்தது. நான் ஹவுஸ்கீப்பிங், அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. முந்தின நாள் அந்த அறையில் இருமிக்கொண்டு படுத்திருந்தது யார் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. படுக்கை விரிப்பை உதறக்கூடாது, உள்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். கிருமிநாசினி தெளித்த இடம் சில நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், உடனே துடைத்தால் பலன் இல்லை. டப்பாவிலேயே போட்டிருக்கும். ரிமோட், சுவிட்சு, குழாய், கதவுக் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் இதே கதை. சரி, செய்கிறோம். ஆனால் ஒரு ஷிப்டுக்கு இத்தனை அறை என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. ஆளையும் குறைத்துவிட்டார்கள். ஒழுங்காகத் துடைத்தால் கணக்கு இடிக்கும், கணக்கைப் பார்த்தால் மனசாட்சி இடிக்கும். வேலை தெரிந்தவளுக்குத்தான் இது வலிக்கும்.

முன்னாள் பாங்க்வெட்:
ஓட்டலில் பாங்க்வெட், அதாவது விருந்துப் பிரிவில், இருந்தேன். விட்டுவிட்டேன். 2019இல் உலகம் முழுவதும் நாடு விட்டு நாடு போன சுற்றுலாப் பயணிகள் சுமார் 146 கோடி, 2020இல் சுமார் 40 கோடி. விருந்து, மாநாடு எல்லாம் ஒரேயடியாகப் போச்சு. டிப்ஸ் இல்லை, சர்வீஸ் சார்ஜ் இல்லை, வெறும் அடிப்படைச் சம்பளம், அதிலும் பிடித்தம். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த வார ரோஸ்டரில், அதாவது வேலை அட்டவணையில், என் பெயர் இருக்கிறதா என்பது முந்தின நாள் இரவு வரை தெரியாது. வேறு வேலைக்கும் போக முடியாது, இதையும் நம்ப முடியாது. இப்போது மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறேன். கோபமாக வருகிறவரிடம் பேசத் தெரிந்த ஆளை எங்கே போனாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் நல்ல ஆட்கள் முதலில் கிளம்புகிறார்கள்.

டூட்டி மேனேஜர்:
எங்களையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறோம். மேலே முதலாளி, எதிரே விருந்தினர். 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் வேலையால் ஆள் ஓய்ந்துபோவதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்று தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. தீராத வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் வருவது என்று விளக்கமும் கொடுத்தது. அழுத்தம் வேலையிலிருந்து வருகிறது, நாம் யோகா வகுப்பு வைக்கிறோம்.

நாலாவது மாடி:
சார், யோகா வேண்டாம். அறைக் கணக்கில் இரண்டைக் குறையுங்கள்.

ரிசப்ஷன்காரன்:
அக்கா சொன்னதுதான். நானும் நாளை மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன்: மாஸ்க் போடாதவருக்குச் சாவி கொடுக்காவிட்டால் என் பக்கம் நிற்பீர்களா? எழுத்தில் தரச் சொல்லப்போகிறேன். தராவிட்டால், முன்னாள் பாங்க்வெட் அண்ணா, உங்கள் இடத்தில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா?