மறு: எஸ்தோனியரின் ஈஸ்டர் முட்டை ஆட்டத்துக்குத் தமிழில் என்ன சொல்?

> ‘முட்டை மோதல்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று நாளிதழில் படித்துப் படித்து, அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கல்வீச்சும் தடியடியும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடப்பதோ சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன ‘டக்’. ஆளுக்கொரு அவித்த முட்டை. ஒருவர் கூர்முனை வெளியே தெரியும்படி பிடித்துக்கொள்ள, எதிரில் இருப்பவர் தன் முட்டையின் கூர்முனையால் தட்டுவார். எந்த ஓட்டில் கீறல் விழுகிறதோ அவர் தோற்றார்.

எஸ்தோனியர் இதை ‘முனகொக்சிமினே’ என்கிறார்கள். ‘முன’ என்றால் முட்டை. ‘கொக்சிமா’ என்றால் லேசாகத் தட்டுவது. இன்னொரு நண்பர் சொன்ன ‘முட்டை உடைத்தல்’ அதனால்தான் ஒட்டவில்லை. உடையாத முட்டைதானே ஜெயிக்கிறது? தவிர, அது ஆம்லெட் போடுகிற காரியம்.

என் பரிந்துரை: முட்டைமுட்டு. கிடாமுட்டு நமக்குத் தெரிந்த சொல்தான், அதே அச்சில் வார்த்தது. ‘முட்டைமுட்டி விளையாடினார்கள்’ என்று வினையாகவும் வரும். கலைச்சொல்லுக்கு அது முக்கியம். பெயராக மட்டும் நிற்கிற சொல் வாக்கியத்தில் ஏறாது.

இந்த ஆட்டம் இடம்பெறும் நம் கட்டுரையில் ஈஸ்டரை எங்கும் ‘உயிர்ப்புப் பெருவிழா’ என்ற ஒரே பெயரால் எழுதியிருப்பதையும் மாற்றலாம். மதப்பற்று மிகக் குறைந்த ஐரோப்பிய நாடுகளில் எஸ்தோனியாவும் ஒன்று. அங்கே இந்தப் பண்டிகைக்குப் பல பெயர்கள். தேவாலயத்தார் வாயில்தான் உயிர்ப்பு. மற்றபடி ‘முனதேபுஹத்’, அதாவது முட்டைத் திருநாள். ‘லிஹவொத்தெத்’ என்றும் சொல்வார்கள்: நோன்பு முடிந்து மறுபடி இறைச்சியில் கைவைக்கும் நாள். ஊர்ப்பொது ஊஞ்சலில் அந்த ஆண்டு முதன்முதலாக ஏறுவதும் அப்போதுதான் என்பதால் ஊஞ்சல் திருநாள் என்ற பெயரும் உண்டு. ஊஞ்சலுக்கு நாம் சொல் தேட வேண்டியதில்லை! அதேபோல ‘சூர் ரேடே’யும்; சொல்லுக்குச் சொல் நம் ‘பெரிய வெள்ளி’யேதான்.

---

வணக்கம். முட்டைமுட்டு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன் தேங்காயை அதன்மேல் ஓங்கி அடிப்பார். உடையாத காய்க்கு வெற்றி. வைரமான சிரட்டை உள்ள காயைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை. அதே ஆட்டம்தானே இது? ‘போர்முட்டை’ என்று சொன்னால் என்ன?

---

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் போர்த்தேங்காயில் ஓங்கி அடிக்கிறார்கள், அங்கே தட்டத்தான் செய்கிறார்கள். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்வோம்: ஆட்டம் முட்டைமுட்டு, கையில் இருப்பது போர்முட்டை.

கட்டுரையில் போட்டுப் பார்த்தேன்: “வெங்காயச் சருகோடு அவித்துச் செம்பழுப்பு நிறமேறிய முட்டைகளில் ஆளுக்கொரு போர்முட்டையைத் தேர்ந்துகொண்டு முட்டைமுட்டத் தொடங்குவார்கள்.” வாசிக்கத் தடுக்கவில்லை. ‘முட்டைமுட்ட’ என்பதைச் சேர்த்தே எழுதலாமா, பிரிக்க வேண்டுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.