காலையில் இரண்டு விநாடிச் சத்தம்: பழைய டர்போ கார் அனுபவம்

போன வருடம் ஓசூரில் பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். 1.8 லிட்டர், 160 குதிரைத் திறன். கம்பெனி பெயர் வேண்டாம், பாதித் தப்பு என்னுடையதுதான். கர்நாடகா நம்பர், இரண்டாவது ஓனர், 78,000 கிலோமீட்டர். நான் போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "வெயிலில் வருவீங்க சார், அதான் ஏசி போட்டு வெச்சேன்" என்றார் விற்றவர். எவ்வளவு தங்கமான மனிதர் என்று நினைத்தேன்.

கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியதும் ஒரு மிதி மிதித்தேன். காவேரிப்பட்டணம் எப்போது போனது என்றே தெரியவில்லை. மறுநாள் காலை தர்மபுரியில், மார்கழிப் பனியில் சாவியைத் திருப்பினால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். இரண்டே விநாடி. அப்புறம் பூனை மாதிரி அமைதி. பக்கத்து மெக்கானிக், "டேப்பட் சத்தம், ஆயில் மாத்தினா போயிடும்" என்றார். மாற்றினேன், போகவில்லை. இணையத்தில் தேடியபோது இந்த இன்ஜினுக்கு டைமிங் செயின் டென்ஷனர் சீக்கு உண்டு என்று படித்தேன். வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர். படித்துவிட்டு, நம்ம வண்டிக்கு அப்படி இருக்காது என்று மூடிவைத்தேன்.

மாசியில் ஒரு ஞாயிறு ஒகேனக்கல் போய்விட்டு பென்னாகரம் மலையேறி வருகிறோம். வளைவுகளில் மகனுக்குக் குமட்டல். ஏற்றத்திலேயே ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் விட்டேன். ஹேண்ட்பிரேக் கொஞ்சம் லூஸ். வண்டி அரை அடி பின்னால் நகர்ந்து கியரில் உட்கார்ந்தது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ‘டடக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம். அதற்குள் கொய்யாப்பழப் பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. வீட்டம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "முன்னாடியே தெரியுமா?"

இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால், 16 வால்வில் 11 வளைந்திருந்தன.

கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருப்பவர் எழுதிய பதில்:
சார், அந்த அரை அடிதான் உங்கள் இன்ஜினைக் கொன்றது. டென்ஷனர் ஸ்பிரிங்கும் ஆயில் பிரஷரும் சேர்ந்து செயினை இழுத்துப் பிடிக்கும். அணைத்ததும் பிரஷர் இல்லை. டென்ஷனர் பின்னால் போகாமல் ஒரு சின்னப் பல்லும் கிளிப்பும்தான் தாங்குகின்றன. பழைய டிசைனில் அதுதான் தேயும், உடையும். வண்டி முதல் கியரில் பின்னால் உருண்டால் இன்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். செயின் தொய்ந்து, அது ஓடுகிற பல்சக்கரத்தில் பல் தாவிவிடும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிற இன்ஜின் இது, நேரம் தவறினால் முட்டல்தான். காலைச் சத்தமும் ஆயில் மேலேறி வரும்வரை செயின் அடித்துக்கொள்வதுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் அது கேட்காது. ஆயில் குடிக்கிற வண்டி என்றால் இன்னும் மோசம். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். செயின் ஆயுள் முழுக்க வரும் என்று சொல்வார்கள். யார் ஆயுள் என்று சொல்வதில்லை.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்:
என் மச்சானுக்கு இதே மாதிரி ஒரு வண்டி பார்க்க பெங்களூரு போனோம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், தக்காளி லோடு வண்டியிலேயே ஏறி ஆறரைக்கே போய் நின்றோம். பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருந்தது, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க அவர்களுக்கு நேரமில்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னோம், அதே கூழாங்கல். டீ கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டோம். அதுக்காக எல்லாரும் பயப்பட வேண்டாம் அண்ணே. 1990களின் கடைசியில் வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும் 911-லும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று இன்ஜினுக்குள் சுற்றும் ஒரு தண்டின் பேரிங் உடைந்து இன்ஜினே போகிற பிரச்சினை இருந்தது, அமெரிக்காவில் வழக்கு வரை போனது. இன்றைக்கும் பேரிங்கை மாற்றிவிட்டு ஆசையாக ஓட்டுகிறார்கள்.

நான்தான் மறுபடியும்:
பட்டறை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஹெட் வேலை, வால்வு, செயின், புது மாடல் டென்ஷனர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம். டென்ஷனரை முதலிலேயே மாற்றியிருந்தால் இதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. விற்கச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அது இழுக்கிற இழுப்புக்கு என்ன விலை சொல்வது? ஹேண்ட்பிரேக் கேபிளையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் மேட்டில் நிறுத்தினால் பின் சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன். அந்தக் கல் டிக்கியிலேயே கிடக்கிறது, பென்னாகரம் மலையில் எடுத்தது.