பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தும் இன்சுலின் எதிர்ப்பு ஏன் குறையவில்லை?

கரிசல்காட்டான்:
நேற்று பொருநை இங்கே எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "கொழுப்புத் திசு பெருத்தால் இன்சுலின் எதிர்ப்பு வரும், கொழுப்பைக் குறைத்தால் அது விலகும், இதில் விவாதிக்க ஒன்றுமில்லை" என்று இரண்டு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். உடலின் செல்கள் இன்சுலினின் கட்டளையை ஏற்க மறுப்பதுதான் இன்சுலின் எதிர்ப்பு; அதில் விவாதிக்க நிறையவே இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் க்ளைன் குழுவினர் உடல்பருமன் கொண்ட 15 பெண்களுக்கு லைப்போசக்‌ஷன் செய்து, வயிற்றுத் தோலடிக் கொழுப்பை ஆளுக்கு ஏறக்குறைய 10 கிலோ வீதம் உறிஞ்சி எடுத்தார்கள். அவர்களில் 7 பேருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தது. 10 முதல் 12 வாரங்கள் கழித்து அளந்து பார்த்தபோது தசையிலோ, கல்லீரலிலோ, எஞ்சியிருந்த கொழுப்புத் திசுவிலோ இன்சுலினின் செயல் மேம்படவே இல்லை. ரத்த அழுத்தமும், ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடும்கூட மாறவில்லை. இது 2004-இல் வெளிவந்த ஆய்வு. பத்து கிலோ கொழுப்பு போயிற்று, நோய் அப்படியே நின்றது. இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு தீர்ப்பு எழுதுங்கள்.

பொருநை:
நான் முழுக் கட்டுரையையும் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன், சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அல்ல. அந்தப் பத்து கிலோவும் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு. கல்லீரலுக்குள் சேர்ந்த கொழுப்பை யாரும் தொடவில்லை, தசைகளுக்குள் இருந்ததைத் தொடவில்லை, குடலைச் சுற்றியிருந்ததையும் தொடவில்லை. எஞ்சியிருந்த கொழுப்புச் செல்கள் முன்பிருந்த அளவிலேயே பெருத்திருந்தன. தோலடிக் கொழுப்பு என்பது நெல் சேர்த்து வைக்கும் குதிர் போன்றது. குதிர் நிரம்பிய பிறகு வருகிற நெல் கூடத்திலும் சமையலறையிலும் கொட்டிக் கிடந்தால், குதிரினை இடித்துத் தள்ளுவதால் கூடம் சுத்தமாகிவிடாது. உணவைக் குறைத்து எடையை இறக்கியவர்களின் கதை வேறு. ராய் டெய்லரும் மைக் லீனும் பிரிட்டனில் நடத்திய டைரெக்ட் ஆய்வில், ஓராண்டு முடிவில் சிகிச்சைக் குழுவில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமல் சர்க்கரை நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். அங்கே முதலில் வற்றியது கல்லீரல் கொழுப்பு.

கரிசல்காட்டான்:
நேற்று "கொழுப்புத் திசு" என்று எழுதினீர்கள், இன்று "கல்லீரல் கொழுப்பு" என்கிறீர்கள். கேள்வி கேட்டவுடன் கொழுப்பு இடம் மாறிவிடுகிறது. பத்து கிலோ திசு வெளியே போயிருக்கிறது அம்மா, பத்து கிலோ! கொழுப்புத் திசுதான் மூல காரணம் என்றால் அதில் ஒரு சிறு பலனாவது தெரிந்திருக்க வேண்டாமா? கொழுப்புத் திசுவிலிருந்து டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் சுரந்து இன்சுலினைத் தடுக்கின்றன என்று 1993-இல் ஹோட்டமிஸ்லிகில் எலிகளில் காட்டியதிலிருந்து எல்லாரும் அதையே பாடமாக ஒப்பிக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் ஆய்வில் அந்த டிஎன்எஃப் ஆல்ஃபாவையும் அளந்தார்கள், அதுவும் மாறவில்லை. தோலடிக் கொழுப்பை எடுத்ததால்தான் பலனில்லை என்றால், குடலை மூடித் தொங்கும் கொழுப்பு மடிப்பான ஒமெண்டத்தையே வெட்டி எடுத்த ஆய்வும் இருக்கிறது. அதே க்ளைன் குழுவினர் 2010-இல் வெளியிட்டது. எடை குறைப்பதற்கான இரைப்பை மாற்றுவழி (பைபாஸ்) அறுவையோடு ஒமெண்டத்தையும் சேர்த்து நீக்கியவர்களுக்கு, நீக்காதவர்களைவிடக் கூடுதலாக எந்தப் பலனும் கிடைக்கவில்லை. தோலடியும் இல்லை, ஒமெண்டமும் இல்லை என்றால் குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறார்?

பொருநை:
ஒமெண்டம் உள்ளுறுப்புக் கொழுப்பின் ஒரு பகுதி மட்டுமே. குடலைத் தாங்கும் சவ்வில் இருக்கும் கொழுப்பு அப்படியே இருந்தது. தவிரவும், அந்த அறுவையே எடையை வெகுவாக இறக்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒமெண்டத்தின் பங்கு தனியாகத் தெரிய இடமில்லை. இதைச் சொன்னாலும் நீங்கள் பத்து கிலோவுக்கே திரும்புவீர்கள் என்று தெரியும்.

ஆய்வுக்கூடத்தான்:
இருவரும் கொழுப்பு மிகுந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன். கொழுப்புத் திசுவே இல்லாதவர்களின் ரத்தம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். லிப்போடிஸ்ட்ரோபி என்கிற அரிய குறைபாடு அது. கன்னம் ஒட்டி, கைகளில் ரத்த நாளங்கள் கயிறாகப் புடைத்து நிற்கும். குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டிய சீரம் என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதி, கறந்த பாலைப் போல வெள்ளையாக நிற்கும். அவ்வளவும் ட்ரைகிளிசரைடு. கல்லீரல் வீங்கியிருக்கும். இன்சுலின் எதிர்ப்போ, எந்தத் தொப்பைக்காரரிடமும் காணாத அளவுக்குக் கடுமையாக இருக்கும். கொழுப்பில்லாத எலிகளுக்குச் சாதாரண எலியின் கொழுப்புத் திசுவைப் பதியம் வைத்தபோது அவற்றின் சர்க்கரை நோய் மறைந்தது என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். இதை விட்டுவிட்டு இன்சுலின் எதிர்ப்பைப் பேச முடியாது.

கரிசல்காட்டான்:
இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! கொழுப்பு இல்லாதவருக்கு நோய், கொழுப்பை வைத்தால் குணம். கொழுப்பு மிகுந்தவரிடமிருந்து பத்து கிலோவை எடுத்தால் பலன் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எவரும் "கொழுப்பைக் குறைத்தால் போய்விடும்" என்று எழுத மாட்டார்.

பொருநை:
இல்லை, இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் கட்சிதான் நிற்கிறது. கொழுப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தகுந்த திசு இல்லாதபோது அது கல்லீரலுக்கும் தசைக்கும் போகிறது. அங்கே போனபின் இன்சுலினின் கட்டளை செல்லுக்குள் இறங்குவதில்லை. சர்க்கரை நோய்க்கான பியோகிளிட்டசோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடல் எடையும் தோலடிக் கொழுப்பும் கூடுகின்றன, ஆனால் கல்லீரல் கொழுப்பு குறைந்து இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் இல்லாத கொழுத்த எலிகளுக்கு, கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கவைத்தபோது அவை இன்னும் மிகக் கொழுத்தன, ஆனால் சர்க்கரை சீரானது. ஃபிலிப் ஷெரர் குழுவினர் 2007-இல் எழுதியது அது. கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தென்றல்:
ஒரு சந்தேகம். இங்கே இன்சுலின் எதிர்ப்பு என்று நீங்கள் ஒவ்வொருவரும் சொல்வது கல்லீரலிலா, தசையிலா, கொழுப்புத் திசுவிலா? செயின்ட் லூயிஸில் இன்சுலினையும் குளுக்கோஸையும் ஒன்றாக ரத்தத்தில் ஏற்றி அளந்தார்கள். மற்ற பல ஆய்வுகளில் வெறும் வயிற்றில் எடுத்த இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

நெடுவழி:
பொருநை, போன மாதம் அரிசி குறித்த விவாதத்தில் நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனீர்கள், நான் மறக்கவில்லை. அதே கேள்வி இங்கேயும் பொருந்தும். இன்சுலின் மிகுதியாகச் சுரப்பது முதலில் வருகிறதா, எதிர்ப்பு முதலில் வருகிறதா? இன்சுலின் மரபணுக்களைக் குறைத்த எலிகள் கொழுப்பு மிகுந்த உணவைத் தின்றும் பருக்கவில்லை என்று கனடாவின் ஜேம்ஸ் ஜான்சன் குழுவினர் 2012-இல் காட்டினார்கள். மூன்று வேளையும் சோறு தின்று இன்சுலினை ஏற்றிக்கொண்டே இருப்பதைப் பற்றிப் பேசாமல், கொழுப்பு இங்கே இருக்கிறதா அங்கே இருக்கிறதா என்று தேடுவதில் பயன் இல்லை.

பொருநை:
அரிசி விவாதத்தில் நீங்கள் என்னைத் தனிப்பட்ட முறையில் தாக்கியதால்தான் விலகினேன். பதில் இல்லாமல் அல்ல. அந்த எலிகள் தின்றது கொழுப்பு மிகுந்த உணவை, சோற்றை அல்ல.

நெடுவழி:
தாக்கவில்லை, கேள்வி கேட்டேன். சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். நடையும் உணவும் மாறிய குழுவில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. எடை குறையவில்லை. எடையே குறையாமல் நோய் தள்ளிப்போயிற்று என்றால் உங்கள் குதிர் கதை என்ன ஆயிற்று?

பொருநை:
எடை மாறாமலே கல்லீரல் கொழுப்பு குறைய முடியும். எடை பார்க்கும் கருவி கல்லீரலைப் பார்ப்பதில்லை.

கரிசல்காட்டான்:
அந்த ஆய்வில் கல்லீரல் கொழுப்பை அளந்தார்களா? அளக்காத ஒன்றை வைத்து வாதம் செய்வது பொருநையின் வழக்கம். அளந்த ஒன்றை நான் காட்டுகிறேன்: பத்து கிலோ.

ஆய்வுக்கூடத்தான்:
எடைக் கணக்கில் நம்மவர்களைப் பொருத்திப் பார்ப்பதே தவறு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-இல் தங்கள் இருவரையுமே அளந்து எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. புனேயில் பிறக்கும் குழந்தைகள் சராசரி 2.7 கிலோதான், இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ, ஆனாலும் தோலடிக் கொழுப்பில் புனேக் குழந்தைகள் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. தென்றல் கேட்டதும் முக்கியமான கேள்வி. வெறும் வயிற்று இன்சுலின் அளவு பரிசோதனைப் பெட்டிக்குப் (கிட்) பெட்டி மாறும், அதை வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிடக் கூடாது.

கரிசல்காட்டான்:
குழந்தைகளுக்கும் பெட்டிகளுக்கும் இந்த இழைக்கும் தொடர்பில்லை. விவாதத்தைத் திசைதிருப்ப வேண்டாம். 1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன், அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கத்தின் பேண்டிங் உரையில், இன்சுலின் எதிர்ப்போடு சேர்ந்து வரும் கோளாறுகளுக்கு "சிண்ட்ரோம் எக்ஸ்" என்று பெயரிட்டபோது உடல்பருமனை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, தெரியுமா? இன்சுலின் எதிர்ப்பைத் தன் வாழ்நாள் முழுதும் அளந்த மனிதர் அவர். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

பொருநை:
1947-லேயே மார்செய் நகரில் ஜீன் வாக், இடுப்பிலும் தொடையிலும் பருத்தவர்களைவிட மேலுடலில் பருத்தவர்களுக்கே சர்க்கரை நோய் மிகுதி என்று எழுதினார். ரீவனைக் காட்டி என்னை வாயடைக்க வேண்டாம். 15 பேர், 12 வாரம், அதுவும் உடலின் ஓரிடத்துக் கொழுப்பு. அதை வைத்துக்கொண்டு எழுபது ஆண்டு ஆய்வைப் புரட்டிப் போட நினைக்கிறீர்கள்.

கரிசல்காட்டான்:
15 பேர் என்று குறைத்துப் பேசுகிறீர்கள். ஒவ்வொருவரையும் மணிக்கணக்கில் ஊசி மாட்டிப் படுக்கவைத்து அளந்த 15 பேர் அவர்கள். நீங்கள் காட்டிய டைரெக்ட் ஆய்வில் அப்படி ஒருவரையாவது அளந்தார்களா? என் கேள்வி முதல் பதிவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள்.

நெடுவழி:
என் சோற்றுக் கேள்விக்கும் பதில் வரவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், பொருநை அங்கே வர வேண்டும்.

பொருநை:
வருகிறேன். கரிசல்காட்டான் அங்கேயும் பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்தால், எஞ்சியிருந்த செல்களின் அளவு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிட்டு வரட்டும்.