இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கணினி அணைகிறது: எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது?

கேள்வி – மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். என் கணினியில் ரைசன் 7 5800எக்ஸ் செயலியும், ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு ஒன்றும், ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 750 வாட் கோல்டு (மின்சாரத்தை வீணாக்காத அளவுக்கான தரச்சான்று) எஸ்.எம்.பி.எஸ்.ஸும், அதாவது கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியும், இருந்தன. சென்ற மாதம் அதே வகைக் கார்டு இன்னொன்று மலிவாகக் கிடைத்ததால் வாங்கி, இரண்டையும் எஸ்.எல்.ஐ. முறையில் இணைத்தேன். அன்றிலிருந்து, விளையாடத் தொடங்கிய பத்து பதினைந்து நிமிடங்களில் கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை எதுவும் வருவதில்லை. உடனே பொத்தானை அழுத்தினாலும் உயிர் வருவதில்லை, எஸ்.எம்.பி.எஸ். பின்புறச் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்துப் போட்டால்தான் ஓடுகிறது. விண்டோஸ் பதிவில் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பு, அதாவது முறையாக அணைக்காமல் கணினி நின்றுபோனது என்பது, மட்டுமே இருக்கிறது. கார்டுகளில் எதைத் தனியாகப் போட்டாலும் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை.

கடையில் 850 வாட் போதும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் 1600 வாட் வாங்கச் சொல்கிறார். பெரிய எஸ்.எம்.பி.எஸ். போட்டால் கரண்ட் பில் ஏறிவிடுமே என்று அப்பா தயங்குகிறார். எதை வாங்குவது என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – லாஸ்பேட்டை, புதுச்சேரி

வணக்கம் தம்பி. பணம் செலவழிப்பதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை. கணினி யூ.பி.எஸ். வழியாக ஓடுகிறதா, நேரடியாகச் சுவர் பிளக்கிலிருந்தா? கார்டு ஒன்றுக்கு எத்தனை கேபிள் போட்டிருக்கிறீர்கள்? ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் இரண்டு கார்டுகளின் பவர் லிமிட்டையும் (கார்டு எடுக்கும் மின்சாரத்தின் வரம்பு) 70 விழுக்காட்டுக்குக் குறைத்து விளையாடினால் அப்போதும் அணைகிறதா? மூன்றாவதுதான் முக்கியமான சோதனை. அப்படிக் குறைத்தபின் அணையாமல் ஓடினால், மென்பொருள் மீதோ கார்டு மீதோ சந்தேகப்பட வேண்டியதில்லை. மின்சாரம் போதவில்லை என்பது ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. 1100 விஏ, 660 வாட் யூ.பி.எஸ். வழியாகத்தான் ஓட்டினேன், விளையாடும்போது அது விட்டுவிட்டுக் கத்தும். அதை நீக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேரடியாகக் கொடுத்தும் கணினி அணைந்தது. ஆனால் 70 விழுக்காட்டில் இரண்டு மணி நேரம் விளையாடியும் அணையவில்லை. கார்டு ஒன்றுக்கு ஒரே கேபிள்தான். அதன் நுனியிலேயே இரண்டு எட்டு பின் கனெக்டர்கள் இருப்பதால் இரண்டையும் அந்தக் கார்டிலேயே செருகியிருந்தேன். இன்று கழற்றிப் பார்த்தபோது, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது; பின் மேல் லேசாகப் பச்சை பூத்திருந்தது.

மறுமொழி – லாஸ்பேட்டை, புதுச்சேரி

காரணம் தெளிவாகிவிட்டது. 1080 டிஐ ஒன்றுக்கு 250 வாட் என்றால் இரண்டுக்கும் 500. 5800எக்ஸின் உறையில் 105 வாட் என்று போட்டிருந்தாலும், முழுச் சுமையில் அது 142 வாட் வரை எடுக்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. மதர்போர்டு, ராம், டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் 60, 70 வாட் வைத்தால் கூட்டுத்தொகை 710 வாட்டைத் தொடுகிறது. இது சராசரிதான். கிராபிக்ஸ் கார்டு மில்லி விநாடிக் கணக்கில் தன் வரம்பைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். இரண்டு கார்டுகளும் ஒரே நொடியில் அப்படி இழுத்தால் 750 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பின்புறச் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்று நீங்கள் சொன்னது அந்தப் பூட்டைத்தான்.

850 வாட் போட்டால் கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் கத்திரி வெயிலில் மாடி அறையில், கேபினெட்டுக்குள் காற்று கொதிக்கும்போது, 84 விழுக்காட்டுச் சுமையில் மணிக்கணக்கில் ஓட விடுவதை நான் விரும்ப மாட்டேன். என் பரிந்துரை 1000 வாட் கோல்டு. வாங்கும்போது அந்த 1000 வாட் எத்தனை டிகிரியில் உறுதி செய்யப்பட்டது என்று பாருங்கள். 40 டிகிரிக்கு மட்டும் உறுதி தருபவையும் உண்டு, 50 டிகிரிக்குத் தருபவையும் உண்டு. நம் ஊருக்கு இரண்டாவதே தகும். 1600 வாட்டுக்கு உங்கள் கணினியில் வேலையே இல்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள்: எஸ்.எம்.பி.எஸ். மீது எழுதியிருப்பது அது கொடுக்கக்கூடிய அளவே தவிர, எப்போதும் எடுக்கும் அளவு அன்று. கணினிக்கு 710 வாட் தேவைப்படும்போது, எஸ்.எம்.பி.எஸ். தான் வாங்குவதில் 90 விழுக்காட்டைக் கணினிக்குத் தருகிறது என்றால், சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 790 வாட். அதாவது மணிக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். 850 போட்டாலும் 1000 போட்டாலும் இதுதான். உங்கள் யூ.பி.எஸ். கத்தியதும் இதனால்தான், 660 வாட் தாங்கும் பெட்டியிடம் 790 கேட்கிறோம்.

பழுப்பேறிய கேபிளை இனித் தொடாதீர்கள். ஒரு கேபிளிலேயே இரண்டு கனெக்டர்களையும் செருகியதால், கார்டுக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு முனையின் சில பின்கள் வழியாகவே போயிருக்கிறது. கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் பின் அரித்தால் தொடர்பு தளரும், தளர்ந்த இடம் சூடேறும். புதியதில் கார்டு ஒன்றுக்கு இரண்டு தனிக் கேபிள்கள், மொத்தம் நான்கு போடுங்கள்; நான்கு இருக்கிறதா என்று கடையிலேயே பெட்டியைத் திறந்து எண்ணிவிடுங்கள்.

மறுமொழி – திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள்களைப் புதியதில் செருகிவிடாதீர்கள். கார்டு பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான்; எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும். அப்படி மாற்றிச் செருகி, குழந்தைகளின் படங்கள் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை ஒரே நொடியில் இழந்தவன் நான்.

இன்னொன்று, எஸ்.எல்.ஐ.க்குப் புதிய டிரைவர் அமைப்புகள் தருவதை என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதன் பின் வந்த விளையாட்டுகளில் இரண்டாவது கார்டு பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் ரெண்டர் செய்வதானால் (வரைந்த காட்சியை முழுப் படமாக்குவதானால்) இரண்டும் உழைக்கும்.

கேள்வி கேட்டவர்

ரெண்டரிங் பழகுவதால் இரண்டாவது கார்டை வைத்துக்கொள்கிறேன். 1000 வாட் வாங்கி, நான்கு தனிக் கேபிள்களும் போட்டாயிற்று. ஆனால் கேபினெட்டின் ஓரத்தைத் தொட்டால் விரலில் விறுவிறுக்கிறது. புது எஸ்.எம்.பி.எஸ். பழுதா?

மறுமொழி – லாஸ்பேட்டை, புதுச்சேரி

பெரும்பாலும் பழுதாக இருக்காது; பிளக்கில் எர்த் வரவில்லை என்று நினைக்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். அதுவரை கணினியை ஓட்ட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அளந்ததில் 140 வோல்ட்தான் வந்தது. எர்த் குழியில், குழாயோடு கம்பியைப் பிடித்திருந்த நட்டு துருவாக உதிர்ந்து, கம்பி தனியாகக் கிடந்தது. புது கிளாம்ப் போட்டபின் 228 வோல்ட் வருகிறது, விறுவிறுப்பும் நின்றுவிட்டது. நேற்றிரவு பவர் லிமிட்டை 100 விழுக்காட்டில் வைத்து மூன்று மணி நேரம் ரெண்டர் செய்தேன், ஒருமுறையும் அணையவில்லை. யூ.பி.எஸ்.ஸில் இப்போதைக்குத் திரையும் மோடமும் மட்டும் இருக்கின்றன.