துல்லியம் என்ற ஒரு சொல் போதுமா? கைக்கடிகார வெப்பநிலை உணரிக்குக் கலைச்சொல்

தொடக்க மடல் (மொழிபெயர்ப்பாளர்)

குழுவினருக்கு வணக்கம். விளையாட்டுக் கைக்கடிகாரம் ஒன்றின் கையேட்டையும் திரைச்சொற்களையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வெப்பநிலை உணரி (சென்சார்) பற்றிய பக்கத்தில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

காட்டும் எண் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு கருத்து. திரும்பத் திரும்ப அளந்தால் அதே எண் வருமா என்பது இன்னொன்று. எவ்வளவு சிறிய மாற்றத்தைக் காட்டும் என்பது மூன்றாவது. வரைவில் மூன்றுக்குமே 'துல்லியம்' என்று போட்டுவிட்டேன். காஸியோவின் புரோ டிரெக் கடிகாரங்களில் 0.1 டிகிரி வரை திரையில் தெரியும். ஆனால் விவரப் பட்டியலில் பிழை ±2 டிகிரி என்று இருக்கும். இரண்டையும் துல்லியம் என்றால் வாசிப்பவர் எதை நம்புவார்?

நேற்று நானே பார்த்தேன். அறையில் வெப்பமானி 27 காட்டியது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் 32.4. சற்று நேரம் விட்டுப் பார்த்தால் 32.3, மறுபடியும் 32.4. கழற்றி மேசைமேல் வைத்தேன். கால் மணி நேரத்தில் 28.9, அரை மணி நேரத்தில் 27.3. கையில் இருந்தவரை அது கொஞ்சமும் தடுமாறவில்லை, ஆனால் சொன்னது தவறு. இதற்கு ஒரு பெயர் வேண்டும்.

மறுமொழி (இயற்பியல் ஆசிரியை)

வகுப்பில் முதலாவதைத் துல்லியத்தன்மை, இரண்டாவதை நுட்பம் என்று பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாவதற்குப் பிரிதிறன். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 5725 என்ற 1994ஆம் ஆண்டுத் தரவரையறையில் துல்லியம் என்பது பொதுச்சொல். அதற்குள் மெய்யான அளவோடு ஒத்திருப்பது ஒரு கூறு, தன் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பது மறு கூறு.

நீங்கள் பார்த்ததற்குக் காரணம் எளிது. மணிக்கட்டுத் தோலின் வெப்பநிலை பெரும்பாலும் 32 முதல் 34 டிகிரி வரை இருக்கும். உணரி கடிகாரக் கூட்டுக்குள் இருக்கிறது. பல கடிகாரங்களில் காற்றழுத்த உணரி தன்னைத் திருத்திக்கொள்ள வைத்திருக்கும் வெப்பநிலை உணரியே இந்த வேலையையும் பார்க்கிறது. தோலின் சூடு கீழிருந்து, வெயிலும் காற்றும் மேலிருந்து, மின்னணுச் சில்லின் சூடு உள்ளேயிருந்து. வருகிற எண் இவை எல்லாம் கலந்தது.

மறுமொழி (புலவர் ஐயா)

அன்புடையீர், துல்லியம் வடசொல். 'துல்ய' என்றால் நிகர், ஒப்பு. ஒப்பு என்ற பொருளை வைத்துக்கொண்டு உண்மையை எப்படிச் சுட்டுவது?

வள்ளுவர் நடுவுநிலைமையில் துலாக்கோலைச் சொல்லி 'ஒருபால் கோடாமை' என்றார். அடுத்த குறளிலேயே சொற்கோட்டம், உட்கோட்டம், செப்பம் மூன்றும் வருகின்றன. கருவி ஒரு பக்கம் சாய்ந்தால் கோட்டம், சாயாவிட்டால் செப்பம். செங்கோல், கொடுங்கோல் இரண்டையும் எண்ணிப் பாருங்கள். கொடுவாள், கொடுக்கு, கோணல், கோடு, குடா எல்லாம் வளைவு குறித்த ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. யானையின் கோடு, மலையின் கோடு...

(மணிக்கட்டு என்பதில் உள்ள மணி, கடிகார மணி அன்று. மணி கோத்துக் கட்டும் இடம் என்பதே பொருத்தம். கையேட்டில் அதை மாற்ற வேண்டா.)

மறுமொழி (மென்பொருள் எழுதுபவர்)

ஐயா, சொற்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் ஓடிக்கொண்டே திரையைப் பார்ப்பவருக்குச் 'செப்பம்' என்றால் செப்பனிடுவதுதான் நினைவுக்கு வரும், கடிகாரம் பழுது என்று நினைப்பார். 'கோட்டம்' என்றால் கோயில். எங்களுக்குத் திரையில் 14 எழுத்துதான் இடம்.

ஆனாலும் ஐயா பிரித்துக் காட்டிய வேறுபாடு கட்டாயம் வேண்டும். 2022இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 8 இரண்டு உணரிகளை வைத்து, தூங்கும்போது 5 நொடிக்கு ஒருமுறை அளக்கிறது. அது தருவது வெப்பநிலை அல்ல, வழக்கமான அளவிலிருந்து ஏற்பட்ட மாற்றம். இரவுதோறும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் கழிக்கும்போது அந்தச் சாய்வு போய்விடும். அங்கே நுட்பம் இருந்தால் போதும். வெளிக்காற்றை அளக்க அது போதாது.

மறுமொழி (புலவர் ஐயா)

தம்பி, கணினி என்ற சொல்லையும் முதலில் யாரும் அறியார். புழங்கப் புழங்கப் பொருள் நிற்கும். கோயிலும் கோட்டமும் குழம்பும் என்கிறீர்கள். திங்கள் என்றால் நிலவும் கிழமையும் மாதமும். யார் குழம்பினார்கள்?

மறுமொழி (இயற்பியல் ஆசிரியை)

மாணவர்கள் குழம்புகிறார்கள் ஐயா. நான் தினமும் பார்க்கிறேன். 'நுட்பம்' என்றாலே தொழில்நுட்பம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இப்போது 'மாறாமை' என்றும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

தொடக்கியவர்

எல்லோருக்கும் நன்றி. நாளை அனுப்ப வேண்டும், அதனால் இப்படி முடித்திருக்கிறேன். உண்மைக்கு அருகில் இருப்பது துல்லியம். அதே எண் வருவது மாறாமை. திரையில் தெரியும் மிகச் சிறிய மாற்றம் பிரிதிறன். கையின் சூட்டால் வரும் பிழை 'கைச்சூட்டு விலகல்'. குழுவில் நால்வர் இதற்குச் சரி என்றார்கள். பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"கையில் கட்டியிருக்கும்போது கைச்சூட்டு விலகல் இருக்கும். காற்றின் வெப்பநிலை தெரிய, கடிகாரத்தைக் கழற்றி 20 முதல் 30 நிமிடம் நிழலில் வையுங்கள். எண்ணில் புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் துல்லியத்தைக் காட்டாது."

மறுமொழி (புலவர் ஐயா)

கடைசித் தொடர் நன்று. ஆயினும் விலகல் என்றால் அப்பால் போவது. உங்கள் கடிகாரம் எங்கும் போகவில்லை. ஒரே பக்கம் சாய்ந்தபடி அசையாமல் நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது கோட்டம். அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.