லாப் ஹூக்கில் கோயாக் போட்டால் திரையில் கோடு, போர்ட் பக்கம் தசைத் துடிப்பு: டயதெர்மி மெஷினும் பேடும் சரி, வேறு எங்கே பார்ப்பது?

செபராங்_பயோமெட்:

வணக்கம். பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் பிரிவில் வேலை செய்கிறேன். லாப்ரோஸ்கோபி (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், சுருக்கமாக லாப்) கருவிகள் பழகியவர்கள், ஓ.டி.யில் (ஆபரேஷன் அறையில்) இருப்பவர்கள் உதவ வேண்டும்.

பித்தப்பை ஆபரேஷன்களில் சில சமயம் இப்படி ஆகிறது. சர்ஜன் எல் ஹூக்கை (டயதெர்மி மெஷினின் உயர் அலைவரிசைக் கரண்ட்டால் திசுவைச் சுடும், வெட்டும் கொக்கி முனைக் கருவி) திசுவில் வைத்து நீலப் பெடலை (கோயாக், இரத்தத்தை உறைய வைக்கும் முறை) மிதித்ததும் கேமரா திரையில் குறுக்குக் கோடுகள் ஓடுகின்றன, ஈசிஜி குழம்புகிறது. ஹூக் முனையில் திசு வெளுக்கவே நேரம் எடுக்கிறது. மேல் வயிற்றில் ஹூக் நுழையும் போர்ட்டை (வயிற்றுச் சுவரில் செருகிய குழாயை)ச் சுற்றித் தசை துடிக்கிறது என்று ஸ்க்ரப் மிஸ்ஸி (கருவி எடுத்துக்கொடுக்கும் நர்ஸ்) சொன்னார். உள்ளே போய் நின்று பார்த்தேன். பெடலை மிதித்தால் துடிக்கிறது, காலை எடுத்தால் நிற்கிறது. மயக்க டாக்டர் தசை தளர்வு மருந்தைச் சரிபார்த்துவிட்டார், அதில் குறை இல்லை. மஞ்சள் பெடலில் (கட், வெட்டும் முறை) இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை. 30 வாட்டில் ஆரம்பித்து “கூட்டுங்க, கூட்டுங்க” என்று சர்ஜன் 50 வரைக்கும் போய்விடுகிறார்.

மெஷினை அனலைசரில் 300 ஓம் லோடில் போட்டுப் பார்த்தேன். கட், கோயாக் இரண்டும் வைத்த அளவுக்கே வருகின்றன, லீக்கேஜும் வரம்புக்குள்தான். பேட் (கரண்ட் மெஷினுக்குத் திரும்பிப் போக நோயாளி தோலில் ஒட்டுவது) இரண்டு பாகமாகப் பிரிந்த வகை, ஒவ்வொரு கேஸுக்கும் புதிது, தொடையில் ஒட்டுகிறார்கள். அலாரம் அடித்ததே இல்லை. கேபிளை மாற்றியாச்சு, பக்கத்து ஓ.டி. மெஷினையும் கொண்டுவந்து போட்டாச்சு. அப்போதும் அதே கதை, ஆனால் எல்லா கேஸிலும் இல்லை. புது ஜெனரேட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று விற்பனைக்காரர் சொல்கிறார், நிர்வாகமும் அந்தப் பக்கம் சாய்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

கேஎல்_பழைய_டெக்னீஷியன்:

தம்பி, முதலில் பவரைக் கூட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மெஷின் கொடுக்கிறது, முனைக்கு வந்து சேரவில்லை என்றால் நடுவில் வேறு எங்கோ போகிறது. கூட்டக் கூட்ட அந்த வேறு இடத்துக்குத்தான் அதிகம் போகும்.

தசைத் துடிப்புதான் இதில் பெரிய தடயம். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மின்சாரம் தசையைத் துடிக்க வைக்காது என்று பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால் 1891-லேயே காட்டிவிட்டார். டயதெர்மியே அந்த அடிப்படையில் வந்ததுதான். உங்கள் மெஷின் ஓடுவது சில இலட்சம் ஹெர்ட்ஸில், அது துடிக்க வைக்கக்கூடாது. துடிக்கிறது என்றால் எங்கோ பொறி பறக்கிறது. பொறி பறக்கும்போது தாழ்ந்த அலைவரிசைக் கரண்ட்டும் கலந்து வரும். அது தசையை நேராகவே உசுப்புவதால் தளர்வு மருந்து முழுசாகத் தடுக்காது. திரையில் கோடும் ஈசிஜி குழப்பமும் அதே பொறியின் வேலைதான்.

கோயாக்கில் மட்டும் ஏன்? கட் தொடர்ச்சியான அலை, வோல்டேஜ் குறைவு. கோயாக் விட்டு விட்டு வருவது. மொத்த நேரத்தில் 6 விழுக்காடு அளவுதான் கரண்ட் ஓடும், அதே வாட்டைக் கொடுக்க வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் ஏறும். ஹூக் தண்டின் இன்சுலேஷனில் (மின்காப்பு உறையில்) மயிரிழை ஓட்டை இருந்தாலும் அந்த வோல்டேஜ் அதைத் தாண்டிக் குதிக்கும்.

பேட் அலாரத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பேட் தோலோடு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். ஹூக் தண்டில் நடப்பது அதற்குத் தெரியாது. கசிந்த கரண்ட்டும் கடைசியில் அதே பேடுக்குத்தானே வந்து சேர்கிறது!

1926 அக்டோபர் 1-ல் பாஸ்டனில் மூளை சர்ஜன் ஹார்வி குஷிங், போவி என்பவர் உருவாக்கிய டயதெர்மி மெஷினை வைத்து மூளைக் கட்டி எடுத்தபோது கருவி முழுக்கக் கண் முன்னால் இருந்தது. லாப்பில் கேமராவுக்குத் தெரிவது முனையும் அதை ஒட்டிய கொஞ்சம் தண்டும்தான். மீதி உங்கள் பார்வைக்கு வெளியே.

இரண்டு கேள்வி. தொல்லை வந்த கேஸ்களில் ஒரே செட் கருவியா? அந்த போர்ட் மெட்டலா, பிளாஸ்டிக்கா?

செபராங்_பயோமெட்:

நன்றி அண்ணே. போர்ட் முழு மெட்டல், திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. எங்களிடம் லாப் செட் பல இருக்கின்றன, எந்த கேஸுக்கு எது போனது என்று சி.எஸ்.எஸ்.டி. (கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவு) பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

சிஎஸ்எஸ்டி_அக்கா:

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சி.எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறேன். பதிவேட்டைப் பார்ப்பதோடு எல்லா ஹூக்கையும் கையில் எடுத்துப் பாருங்கள் தம்பி. கழுவிக் காய்ந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கண்ணாடிக்குக் கீழே.

முனையில் மெட்டலும் கறுப்பு உறையும் சேரும் விளிம்பை முதலில் பாருங்கள். 134 டிகிரி நீராவியில் எத்தனையோ தடவை போய் வந்த உறை சுருங்கிப் பின்வாங்கியிருக்கும், நகத்தால் மெதுவாகத் தள்ளினால் நகரும். நகர்ந்தால் அந்தக் கருவியைத் தனியாக வைத்துவிடுங்கள். அப்புறம் தண்டை விரலில் உருட்டிக்கொண்டே போங்கள். முனைப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் அதிகக் கவனம் வேண்டும், உறை அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். போர்ட்டின் வால்வும் விளிம்பும் அங்கே தேய்க்கும். தட்டில் மற்றக் கருவிகளோடு சேர்த்துப் போடும்போது கத்தரி முனையும் கிழிக்கும். கடைசியாகக் கைப்பிடிக்குப் பக்கத்தில், திருப்பும் வளையத்துக்கு அடியில் பாருங்கள்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். இன்சுலேஷன் டெஸ்டர் என்று தனியாக இருக்கிறது. தண்டு முழுக்க வளையப் பிரஷ்ஷை ஓட்டினால் ஓட்டை உள்ள இடத்தில் பீப் அடிக்கும். வோல்டேஜை டெஸ்டர் கையேடும் கருவிக் கையேடும் சொல்கிறபடி வையுங்கள்.

பாயான்லெப்பாஸ்_க்யூஏ:

நான் பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருக்கிறேன். அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளியே போகும் முன்னால் எங்கள் லைனில் ஒவ்வொரு தண்டையும் உயர் வோல்டேஜில் சோதிப்போம், கண்ணால் மட்டும் பார்த்து எதையும் அனுப்புவதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய கிழிசலைவிடச் சின்ன ஓட்டை மோசம். பெரிய கிழிசலில் கரண்ட் அகலமாகப் பரவிப் போகும், கண்ணிலும் பட்டுவிடும். ஊசி முனை ஓட்டையில் மொத்தமும் ஒரே புள்ளியில் குவியும். ஹூக் முனையில் திசுவை வெட்டுகிற அதே சூடு அந்தப் புள்ளியிலும் உண்டாகும்.

ஜார்ஜ்டவுன்_சர்ஜன்:

நான் பினாங்குத் தீவுப் பக்கம் லாப்ரோஸ்கோபி செய்கிறேன். இந்த இழையை என் ஜூனியர்களுக்கும் காட்டப் போகிறேன்.

துடிப்பு போர்ட்டைச் சுற்றி வருவதைக் கவனியுங்கள். ஓட்டை இப்போது மெட்டல் குழாய்க்குள் இருக்கிறது, கரண்ட் குழாய்க்குத் தாவி வயிற்றுச் சுவரில் இறங்குகிறது. முழு மெட்டல் குழாய் சுவரோடு அகலமாக ஒட்டியிருப்பதால் அங்கே பெரிய சூடு உண்டாவதில்லை. ஆனால் பித்தப்பையின் மேல் நுனி வரை ஹூக்கை உள்ளே தள்ளும்போது அதே ஓட்டை குழாயைத் தாண்டி வெளியே வரும். அப்போது துடிப்பு நின்றுவிடும், எல்லாரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் குடலோ டியோடினமோ (சிறுகுடலின் தொடக்கம்) இருந்தால் எரிவது அதுதான், திரையில் எதுவும் தெரியாது. எனக்கு இதில் பெரிய பயம் அந்த அமைதியான நேரம்தான்.

குடலில் பட்ட சூட்டுக் காயம் அன்றைக்கே காட்டாது. சில நாள் கழித்துக் காய்ச்சல், வயிற்று வலி என்று நோயாளி திரும்பி வருவார். அதனால் உங்கள் சர்ஜனிடம் இன்றைக்கே பேசுங்கள் தம்பி. சந்தேகப்பட்ட கருவியில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களை வார்டிலிருந்து கூப்பிட்டு விசாரிப்பது அவர் பொறுப்பு. விஷயம் தெரிந்தால் நிச்சயம் செய்வார்.

மெட்டல் குழாய்க்குப் பிளாஸ்டிக் பிடிப்பு வளையம் மாட்டிய கலப்பு போர்ட் இருந்தால் மோனோபோலாரோடு (கரண்ட் முனையிலிருந்து உடம்பு வழியாகப் பேடுக்குப் போகும் இந்த வகையோடு) சேர்க்க வேண்டாம். இன்சுலேஷன் முழுசாக இருந்தாலும் உயர் அலைவரிசைக் கரண்ட் தண்டிலிருந்து குழாய்க்கு ஏறும். சுவருக்கு இறங்கும் வழியைப் பிளாஸ்டிக் அடைத்துவிட்டால், குழாயைத் தொடும் குடலில்தான் அது இறங்கும். முழு மெட்டல், இல்லையென்றால் முழு பிளாஸ்டிக்.

நான் ஹூக்குக்குப் பெரும்பாலும் மஞ்சள் பெடல்தான், அதுவும் 30 வாட்டுக்குள், சின்னச் சின்ன மிதியாக. திசுவைத் தொட்ட பிறகுதான் மிதிப்பேன். காற்றில் வைத்து மிதித்தால் வோல்டேஜ் உச்சத்துக்குப் போகும்.

செபராங்_பயோமெட்:

டாக்டர், பேசிவிட்டேன். உடனே ஹூக் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார், ஒருமுறை பயன்படுத்தும் ஹூக்கை வரவழைத்து கேஸ் ஓடுகிறது. சமீபத்திய நோயாளிகளை வார்டு மிஸ்ஸிகள் போனில் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். எல்லாரும் நலம்.

இன்னொரு கேள்வி. மோனோபோலாரையே விட்டு வெசல் சீலர் (இரத்தக்குழாயை அடைக்கும் கருவி), அல்ட்ராசோனிக் (அதிர்வால் வெட்டும் கருவி) என்று மாறிவிட்டால் இந்தப் பிரச்சனையே வராதே என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன்_சர்ஜன்:

இந்த ஆபத்து போகும், வேறு ஒன்று வரும். 1998-ல் லிகாஷூர் என்ற வெசல் சீலர் வந்தது பெரிய மாற்றம். கரண்ட் இரண்டு தாடைக்கு நடுவில் மட்டும் ஓடும், பேட் வேண்டாம், 7 மி.மீ. வரை இரத்தக்குழாயை அடைக்கும். தாடை நடுவில் திசு எவ்வளவு காய்ந்தது என்று மெஷினே அளந்து நிறுத்தும். ஹார்மோனிக் என்ற அல்ட்ராசோனிக் கருவியில் நோயாளி உடம்பில் கரண்டே போவதில்லை, பிளேடு நொடிக்கு 55,500 தடவை அதிர்ந்து வெட்டும். ஆனால் நிறுத்திய பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும், அதோடு குடலைத் தொட்டால் காயம்தான். பெருங்குடல், கருப்பை ஆபரேஷனுக்கு இவை இல்லாமல் நான் போக மாட்டேன். சாதாரணப் பித்தப்பைக்கு நல்ல ஹூக் போதும். ஒவ்வொரு கேஸுக்கும் புதுக் கைக்கருவி என்றால் பில் நோயாளி தலையில்தான் விழும்.

கேஎல்_பழைய_டெக்னீஷியன்:

விற்பனைக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. புது ஜெனரேட்டர்கள் திசுவின் தடையை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து வோல்டேஜைத் தேவைக்கு மேல் ஏறவிடாமல் பிடிக்கும், அது நல்லதுதான். ஆனால் ஓட்டை ஹூக்கை மாட்டினால் அதிலும் கசியும். காசைக் கருவியில் போடுவது என்றால், தண்டுக்குள்ளேயே மெட்டல் கவசம் வைத்த வகையை விசாரியுங்கள். கசிவைக் கவசம் வாங்கித் திருப்பி அனுப்பும், அளவு மீறினால் மானிட்டர் மெஷினை நிறுத்திவிடும். பேட் அலாரம் பார்க்காத இடத்தை அதுதான் பார்க்கிறது.

செபராங்_பயோமெட்:

கிடைத்துவிட்டது. பதிவேட்டின்படி தொல்லை வந்த கேஸ் எல்லாம் இரண்டே செட்தான். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை நண்பரிடம் டெஸ்டர் இரவல் வாங்கி ஓட்டினோம். ஒரு ஹூக்கில் கண்ணாடியில் பார்த்தபோதே முனை உறை பின்வாங்கியிருந்தது. மற்றதில் எதுவுமே தெரியவில்லை. பிரஷ் தண்டின் பாதியைத் தாண்டியதும் பீப் அடித்தது, விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் ஒரே இடத்தில் நீலப் பொறி. மார்க்கரால் வட்டம் போட்டு, அதே வகை போர்ட்டில் நுழைத்து, சர்ஜன் வேலை செய்யும் ஆழத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். வட்டம் சரியாகக் குழாய்க்குள் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் வெளியே வந்துவிட்டது, டாக்டர் சொன்னது போலவே.

சந்தேகத்துக்கு மற்ற லாப் செட்களையும் ஓட்டினோம். ஒரு டிசெக்டரும் (திசுவைப் பிரிக்கும் கருவி) கத்தரியும் சோதனையில் மாட்டின. எல்லாவற்றையும் சீல் வைத்து எடுத்து வைத்திருக்கிறேன், விநியோகஸ்தருக்கும் மருத்துவச் சாதன ஆணையத்துக்கும் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். புது ஜெனரேட்டர் பேச்சு நின்றுவிட்டது, டெஸ்டர் வாங்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆர்டரில் என்னென்ன கேட்க வேண்டும் அக்கா?

சிஎஸ்எஸ்டி_அக்கா:

5 மி.மீ., 10 மி.மீ. இரண்டுக்கும் வளையப் பிரஷ் கேளுங்கள். கைப்பிடிக்கும் வளைந்த இடத்துக்கும் தட்டைப் பிரஷ் தனியாக வேண்டும். பைபோலார் (கரண்ட் இரண்டு தாடைக்கு நடுவில் மட்டும் ஓடும் வகை) தண்டுக்கு வேறு இணைப்பு, அதையும் எழுதிவிடுங்கள். பிரஷ் தேயும், உபரி இரண்டு செட் வைத்திருங்கள். சோதனை பேக் பண்ணும் மேசையிலேயே நடக்கட்டும், கழுவிக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு சுற்றும். ஈரத்தோடு ஓட்டினால் நல்ல தண்டும் பீப் அடிக்கும். சோதனையில் மாட்டிய கருவியில் டேப் சுற்றித் திரும்பத் தட்டில் போட யாரையும் விடாதீர்கள், எங்கள் இடத்தில் அதற்குத் தனிச் சிவப்புப் பெட்டியே வைத்திருக்கிறோம்.