ஐம்பது மைக்ரான் குறைந்த வளையம்: வீடியோ அளவீட்டில் எங்கள் அனுபவங்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து:

ரப்பர் சீல் வார்க்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் தரப்பிரிவில் வேலை பார்க்கிறேன். ரப்பரை வெர்னியரால் பிடித்தால் அந்த அழுத்தத்திலேயே அளவு மாறிவிடும் என்பதால், கேமராவில் படம் பிடித்துத் தொடாமல் அளக்கும் வீடியோ இயந்திரத்தையே நம்பியிருக்கிறோம். 40 மி.மீ. உள்விட்டம் கொண்ட ஒரு வளையம், அனுமதித்த அளவின் கீழ் எல்லையை ஒட்டியே எப்போதும் வரும். ஒரு முறை மூன்று நாட்கள் தொடர்ந்து 0.05 மி.மீ., அதாவது ஐம்பது மைக்ரான், குறைவாகக் காட்ட, பெட்டி பெட்டியாக ஒதுக்கி வைத்தோம். அதே வளையத்தை, அளவுக் கோடுகள் உள்ள கூம்பு கேஜில் போட்டுப் பார்த்த வாடிக்கையாளரோ, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

மென்பொருளின் வட்ட ப்ரோப், நாம் வரைந்து காட்டும் இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஆரம் ஆரமாகத் தேடி, வெளிச்சம் இருட்டாக மாறும் இடத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, அத்தனை புள்ளிகளுக்கும் பொருந்தும் ஒரு வட்டத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. அடியிலிருந்து ஒளி தரும் கீழ் விளக்கில் பார்க்கும்போது ரப்பரின் விளிம்பும் அதில் ஒட்டியிருக்கும் பிசிறும் ஒரே கருப்பு நிழலாகத்தான் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டிப் புள்ளிகளைத் திரையில் காட்டச் சொன்னபோதுதான், 72 புள்ளிகளில் 6 புள்ளிகள், பிசிறு வெட்டியபின் எதிரெதிரே மிஞ்சியிருந்த இரண்டு ரப்பர் முட்களின் மேல், ஏறக்குறைய 0.3 மி.மீ. உள்ளே தள்ளி அமர்ந்திருந்தது தெரிந்தது. ஆறு புள்ளிகளின் பிழை எழுபத்திரண்டுக்கும் பகிரப்பட்டு, ஆரத்தில் 0.025, விட்டத்தில் 0.05 என்று கணக்கும் ஒத்துப்போயிற்று.

வட்டத்தன்மைப் பிழை 0.3 அளவுக்கு இருக்கிறது என்று மென்பொருள் அன்றே காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விட்டம் மட்டும் அச்சாகும்படி அறிக்கையை நாங்கள் அமைத்திருந்தோம். பிசிறு ஒரு குறைதான், அதற்காக வளையத்தை ஒதுக்கலாம். ஆனால் அது தனித் தீர்ப்பு. விட்டக் கணக்கில் அதைக் கலக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இப்போது விலகிய புள்ளிகளை நீக்கும் வடிகட்டியை இயக்கி, எத்தனை புள்ளி நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறோம். வளையத்தின் டால்க் தூளை ஊதித் துடைத்த பிறகும், வார்த்து 16 மணி நேரமாவது கழிந்த பிறகும்தான் மேடையில் வைக்கிறோம்.

கோ. புதூரிலிருந்து:

கப்பலூர் ஐயா சொன்னது லேத்தில் கடையும் பித்தளைப் பாகங்களிலும் நடக்கும். 6 மி.மீ. துளையின் வாயில் 0.5 மி.மீ. சாம்ஃபர், அதாவது சரிவாகச் சீவிய விளிம்பு, இருந்தால், மேல் விளக்கில் சரிவும் துளையும் சேர்ந்து இருட்டாகத் தெரிவதால், ப்ரோப் வெளி விளிம்பைப் பிடித்து 7 மி.மீ. என்று சொல்லிவிடும். துளை மறுபுறம் வரை திறந்திருந்தால் கீழ் விளக்கே போதும். அடைபட்ட துளையாக இருந்தால், நுனியில் மாணிக்க உருண்டை உள்ள ஊசியால் தொட்டு அளக்கும் தொடு ப்ரோபுக்கு நான் மாறிவிடுவேன். ஊசி மாற்றிய ஒவ்வொரு முறையும் கேமராவுக்கும் மாணிக்க உருண்டைக்கும் உள்ள இடைவெளியை மறுபடி அளந்து மென்பொருளில் பதிய வேண்டும். அதைச் செய்யாமல், துளையின் இடத்தையே தவறாக எழுதிக் கொடுத்த நாள் எனக்கும் உண்டு.

திருமங்கலத்திலிருந்து:

எனக்கு நேர்ந்தது விளிம்பால் வந்த பிழை அல்ல, கத்திரி வெயிலால் வந்தது. வேன் வண்டியில் வந்த அலுமினியத் தகடுகளை இறக்கிய கையோடு அளந்தேன், 100 மி.மீ. இடைவெளி 30 மைக்ரானுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. வரைபடத்தில் தரும் அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். 35 டிகிரியில் இருக்கும் 100 மி.மீ. தகடு அந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 34 மைக்ரான் நீண்டிருக்கும். எஃகாக இருந்தால் இதில் பாதிதான். ப்ரோபை மூன்று முறை மாற்றி வைத்துப் பார்த்தும் அதே எண் வந்ததால், இயந்திரத்தைச் சந்தேகித்து, அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டையான ஸ்லிப் கேஜை அளந்தேன். அது மைக்ரான் பிசகாமல் இருந்தது. அது இரவு முழுவதும் ஏசி அறையிலேயே கிடந்தது. தகடுகளையும் அதன் பக்கத்திலேயே பரப்பி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி அளந்தேன்.